வயிற்றுப்புண் என்று சொன்ன எட்டு மாதம்

முதலில் வந்தது வாந்திதான். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா, மேஜையில் கையூன்றி அப்படியே நின்றுவிட்டாளாம். எண்பதுகளின் கடைசி. அவளுக்கு முப்பத்தாறு வயது.

எங்கள் குடும்ப டாக்டர் எண்டோஸ்கோப்பியும் (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்த அன்று அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரைப்பையில் புற்று. கல்லீரலுக்கும் பரவிவிட்டது.

“அம்மணிகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நோயாளியப் பயமுறுத்தறது டாக்டர் வேலை இல்லீங்க. வயித்துப்புண்ணுன்னு நானே சொல்லிக்கறேன்” என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

புண் என்றால் பத்தியம் உண்டல்லவா? காரம், புளி, ஊறுகாய் எல்லாம் நிறுத்தினோம். காரமில்லாமல் சோறு இறங்காத பிறவி அவள். வலி வரும்போதெல்லாம், “நேத்து ஒரு துளி ஊறுகா தொட்டுக்கிட்டனுங்க, அதான்” என்பாள், திருடி மாட்டிக்கொண்டவள்போல. பொய் வெளியே வந்துவிடுமே என்று நானும், “சொன்னாக் கேக்கறயா நீ? நாக்கை அடக்கத் தெரியாதா?” என்று கத்துவேன். எட்டு மாதம் கத்தினேன். பாவி நான்.

ஆள் பாதியாகிப்போன பிறகு கோயம்புத்தூர் கொண்டுபோனேன். அங்கிருந்த டாக்டர் லண்டனில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முந்திக்கொண்டு காதோடு சொன்னேன்: “அவளுக்குத் தெரியாதுங்க சார்.”

“நான் வேலை பார்த்த ஊர்ல, நோயாளிகிட்ட மறைச்சா அது டாக்டர் பண்ற தப்பு. உடம்பு அவங்களோடது. நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்க.”

இவனெல்லாம் ஒரு மனுசனா என்று வராந்தாவில் வாய்க்கு வந்தபடி வைதேன்.

உள்ளே போனபோது அவள் அழவில்லை.

“அப்ப ஊறுகாய்க்கு ஏனுங்க என்னைய அத்தனை பேச்சுப் பேசுனீங்க? நாந்தான் நோவை இழுத்து வெச்சுக்கிட்டேன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க.”

அதற்குப் பிறகு இருபது நாள் இருந்தாள்.

துக்கத்துக்கு எங்கள் டாக்டர் வந்தார். “எட்டு மாசம் அம்மணி பயமில்லாம இருந்தாங்க. என்னால ஆனது அதுதானுங்க” என்று கண் கலங்கினார். மனதாரத்தான் சொன்னார். பயமில்லாமல்தான் இருந்தாள், தன்னையே நொந்துகொண்டு இருந்தாள். அன்றும் அவரைக் கும்பிட்டே அனுப்பினேன்.

உங்களை மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டால், அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோயாளியை வெளியே விட்டுவிட்டுத் தனியாகப் போகாதீர்கள்.

முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, அந்த எட்டு மாதமும் அவள் வயிற்றைத் தொட எனக்குப் பயம். தெரிந்துகொண்ட அன்று அவளே என் கையை எடுத்து வைத்தாள். “இங்கதானுங்க. கெட்டியா இருக்குது பாருங்க.” ஆமாம், இருந்தது. இத்தனை வருடம் கழித்தும், தூங்கி எழும்போது என் உள்ளங்கையில் அது தட்டுப்படுகிறது.

எட்டு மாதம் பெண்டாட்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். இல்லை. நான் அவளோடு இருந்தது இருபது நாள்.