பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

கேசட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் தெருவில் அதைக் கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். பல் டாக்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவர் கடை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, விரல் நீளப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பதுதான் தொழில்.

இந்த வேலையில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். அதுவும் சும்மா ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட முடியாது. பூஞ்சை பிடித்த நாடா, பிளேயருக்குள் எப்போது சிக்குமோ தெரியாது. சிக்கினால் ஒரு வீட்டின் பிறந்தநாள் அதோடு சரி. அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். முன்பின் தெரியாதவர்களின் கல்யாணம், கிரகப்பிரவேசம், குழந்தைகள், சண்டையை மறைத்துக்கொண்டு நிற்கும் அண்ணன் தம்பிகள் என்று பதினோரு வருடமாக இதே காட்சிதான்.

பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. அவர்கள் நேராகக் கேமராவைப் பார்த்து, அதாவது இவரையே பார்த்து, என்னவோ சொல்வார்கள். வாய் அசையும். சத்தம் வராது. சத்தத்துக்குப் பதில் பாட்டு வரும். கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாலும் யாரோ கூடவே வாயசைத்துக்கொண்டு நடந்து வருகிற மாதிரியே இருக்கும். வீட்டுக்குள் நுழைந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால், மனைவி சத்தம் போடுவாள்.

"ஏங்க, அந்தக் கேசட்டு ஆளுங்கள எல்லாம் வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னு எத்தன தடவ சொல்றது? இங்க ரெண்டு பேருக்குத்தான் சமைச்சிருக்கேன்."

ஏன் பாட்டு மட்டும் கேட்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. விசேஷ வீட்டில் எடுத்த வீடியோவை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து வெட்டி ஒட்டிய பிறகு, அதில் இருக்கும் பேச்சு, சிரிப்பு, பாத்திரம் விழும் சத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். பேச்சு என்பது இரைச்சல், பாட்டு என்பது தரம். வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தப் பாட்டுப் போடுகிற ஆட்களில் நம் கேசட்டுக்காரரும் ஒருவர். இருபத்திரண்டு வயதில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து, ஒன்பது வருடம் அந்த வேலையைத்தான் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். குழந்தை கேக்கில் கை வைக்கிற நொடியும் தாளம் விழுகிற நொடியும் அவர் கையில் கச்சிதமாகச் சேரும். முதலாளி எல்லார் முன்னாலும் மெச்சிக்கொள்வார்.

அந்தப் பெருமைதான் இப்போது பேயாக வந்து உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் குரலை அழித்தோம் என்று கணக்குப் போட ஆரம்பித்தால் அவருக்குத் தூக்கம் போய்விடும். அதனால் போடுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பெண் வந்தாள். வங்கியில் வேலை, கழுத்தில் அட்டை தொங்கியது. துணிப்பையிலிருந்து ஒரே ஒரு கேசட்டை எடுத்து, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைப்பது போல மேஜைமேல் வைத்தாள்.

"என்னோட மூணாவது பொறந்தநாள் சார். இதுல எங்கம்மா இருக்காங்க. அடுத்த வருஷமே போயிட்டாங்க."

"அடடா."

"எனக்கு அம்மா மொகம் போட்டோவுல தெரியும். குரல் தெரியாது. ஒருத்தரும் பதிவு பண்ணி வைக்கல. இதுல ஒரு எடத்துல, கதவுகிட்ட, குனிஞ்சு என் கன்னத்தத் தொட்டு என்னமோ சொல்றாங்க. வாய் அசையுது. சின்ன வயசுல அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பேன். என்ன சொல்லியிருப்பாங்கன்னு நானே வசனம் எழுதிக்குவேன். அஞ்சாங் கிளாஸ்ல ஒரு வசனம், காலேஜ்ல ஒரு வசனம், எனக்குப் பொண்ணு பொறந்தப்புறம் ஒரு வசனம்." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "இப்பதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றாங்களே. பாட்ட எடுத்துட்டு அம்மா குரல மட்டும் குடுக்க முடியுமா சார்? ஒரு வார்த்த போதும்."

"பாக்கறேம்மா. நம்பிக்கை மட்டும் வச்சுக்காதீங்க," என்றார். அவள் வைத்துக்கொண்டுதான் போனாள் என்பது நடையிலேயே தெரிந்தது.

நாடாவின் ஓரமெல்லாம் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு இரண்டு நாள் பொறுமையாகத் துடைத்தார். புதன்கிழமை மதியம், திரையில் வெளிச்சம் விழாமல் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, பிளேயரை ஓட விட்டார். முதலில் வந்தது இரண்டு அன்னப்பறவைகள், நடுவில் வளைந்து வளைந்து எழுதிய ஸ்டூடியோ பெயர்.

அவருக்குச் சுரீரென்றது. அது அவருடைய ஸ்டூடியோ. அந்த அன்னப்பறவைகளை வெட்டி ஒட்டியதே அவர்தான்.

பாட்டு ஆரம்பித்தது. குழந்தை கேக்கில் கை வைத்தது, தாளம் கச்சிதமாக விழுந்தது. பாவி, இதையும் நீதான் செய்தாயா என்று மனசு கேட்டது. இருபதாவது நிமிடத்தில் கதவோரம் அந்த அம்மா வந்தாள். நீலப் புடவை, ஒல்லியான உடம்பு. குனிந்தாள். கேமராவுக்கு முதுகு காட்டி நின்ற குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். உதடுகள் படபடவென்று அசைந்தன. பாட்டில் புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டிருந்தது.

எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டராக இருந்தாலும் இல்லாததை எங்கிருந்து எடுக்கும்? மூன்று நாள் மென்று முழுங்கினார். அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உங்கள் அம்மாவின் குரலை அழித்தவனே நான்தானம்மா என்றா? கண்ணை மூடினால் நீலப் புடவை குனிந்தது.

சனிக்கிழமை காலையில், வேறொன்றும் செய்யத் தோன்றாமல், பிளேயரைத் துடைக்க ஆரம்பித்தார். அதன் முன்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. கடை திறந்த முதல் வாரத்திலேயே அதை ஒரு பக்கமாகத் தள்ளி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டிருந்தார். இந்தப் பக்கம் தள்ளினால் சத்தம் சுத்தமாக வரும், அந்தப் பக்கம் தள்ளினால் பழைய கேசட்டுகளில் கரகரவென்று காது கிழியும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பதினோரு வருடத்து டேப் காய்ந்து கையோடு வந்துவிட்டது. ஒட்டியிருந்த பசையை ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்த்தபோது ஸ்விட்ச் நகர்ந்தது. கவனிக்காமல் கேசட்டை ஓட விட்டார்.

கரகரவென்று ஒரே சத்தம். பிறகு, பின்னால் ஒரு பெண் பேசினாள்.

"தட்ட இங்க வைங்க, தட்ட இங்க வைங்க!"

யாரோ கடைக்குள் வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. திரும்பவும் திரையைப் பார்த்தார். ஒரு பெரியம்மா மேஜையைக் காட்டிக்கொண்டிருந்தாள். வாய் அசைவும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தன. பாட்டையே காணோம். குழந்தைகள் கத்தின, நாற்காலி இழுபட்டது, ஒரு ஆள் இருமினான். முப்பத்து நான்கு வருடமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரேயடியாகப் பேச ஆரம்பித்ததும், அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிளேயரை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். அந்த வகைக் கேசட்டில் சத்தத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று நாடாவின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு. இன்னொன்று படத்துக்கு அடியிலேயே பதிந்து கிடப்பது. அவர் அந்தக் காலத்தில் பாட்டைப் போட்டது ஓரத்துக் கோட்டில். அடியில் இருந்ததை யாராலும் அழிக்க முடியாது, படத்தையே அழித்தால்தான் உண்டு. வீடுகளில் இருந்த பிளேயர்கள் ஓரத்துக் கோட்டை மட்டும்தான் படிக்கும். முதலாளி புதிதாக வாங்கிப் போட்டிருந்த மெஷினோ, எடுத்த சத்தத்தை இரண்டு இடத்திலும் பதிந்திருக்கிறது. பட்டனை அழுத்தத் தெரிந்த கெட்டிக்காரருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் குரல்கள் அழியவே இல்லை! ஒரு நிமிடம் அவர் குழந்தை மாதிரி கை தட்டினார். மறு நிமிடம் தட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஸ்டூடியோ கேசட்டுகள் மட்டும் எத்தனை எத்தனை இந்தக் கடைக்கு வந்து போயிருக்கின்றன? எல்லாவற்றையும் டேப் ஒட்டிய ஸ்விட்சை வைத்துத்தான் ஏற்றினார். அது போதாதென்று, பென் டிரைவைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியம் சொல்வார்: "இனிமே கேசட் வெறும் குப்பைங்க, தூக்கிப் போட்டுடுங்க."

மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டார். இறந்துபோன அப்பாவின் கேசட்டைப் போன வருடம் கொண்டுவந்தவர் அவர்.

"அந்தக் கேசட்டா? நீங்கதானே தூக்கிப் போடச் சொன்னீங்க. அன்னிக்கே போட்டாச்சே. ஏன், எதுவும் விட்டுப்போச்சா?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கேட்டேன்," என்று வைத்துவிட்டார். வேறு யாருக்கும் போன் போடத் தைரியம் வரவில்லை.

கதவோரக் காட்சிக்கு வந்தார். நீலப் புடவை குனிந்தது. கரகரப்புக்கு நடுவே குரல் வந்தது. கேட்டார். திரும்பவும் ஓட விட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "அந்தப் பொண்ணு முப்பது வருஷமா என்னென்னமோ கற்பனை பண்ணி வச்சிருக்கு. கண்ணே மணியேன்னு கொஞ்சற மாதிரி. இங்க வந்து பாத்தா அந்தம்மா திட்டுது. கன்னத்தத் தொடல, அழுக்கத் தொடைக்குது. அதுவும் வெடுக்குனு. சனியனேங்குது. ஒரே ஒரு குரல்தான் மிச்சம், அதுவும் இதுவா இருக்கணுமா? இதக் குடுத்தா அந்தப் பொண்ணு ஒடஞ்சிடும். பேசாம ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லிடலாம்னு பாக்கறேன்."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "விசேஷ வீட்டுல மூணு வயசுப் புள்ளய வச்சுக்கிட்டு மாரடிக்கறவ திட்டாம பாட்டா பாடுவா? நம்ம வீட்டு ரெண்டயும் நான் என்னென்ன சொல்லியிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அதுங்க நாளைக்கும் உன் குரலக் கேக்கும். இந்தப் பொண்ணுக்கு இது ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். அதனாலதான் சொல்றேன்." கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப ஒரு தடவ அந்தம்மா பேச்சு நல்லா இல்லன்னு பாட்டப் போட்டு மூடினீங்க. இப்பவும் நல்லா இல்லன்னு மூடப் போறீங்களா? நீங்க யாருங்க அதுக்கு?"

அவர் எழுந்து கடைக்குத் திரும்பினார்.

திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். வங்கிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் எழுந்து நின்றார், தலை படிக்கட்டில் இடித்தது, தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"மொதல்ல ஒண்ணு சொல்லிடறேம்மா. இதுல பாட்டுப் போட்டது நான்தான். அந்த ஸ்டூடியோவுல நான்தான் வேல பாத்தேன். உங்கம்மா குரல மறச்சது நான். என்ன மன்னிச்சிடுங்க."

அவள் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. "கெடைச்சுதா சார்?"

"கெடைச்சுது. ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. கொஞ்சம் கோவமா..."

"கெடைச்சுதா!" என்று நாற்காலியில் சரிந்தாள். அவர் மேலே ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஸ்பீக்கரிலேயே போட்டார். கேட்கிறபோது அவள் தனியாக இருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

நாற்காலி இழுபடும் சத்தம், குழந்தைகளின் கூச்சல். நீலப் புடவை கதவோரம் வந்தது. அவள் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கரகரப்புக்குள்ளிருந்து, களைத்துப்போன, இளம்பெண்ணின் குரல் ஒன்று மாடிப்படிக்கு அடியில் எழுந்தது.

"ஏய்..."

அந்த ஒரு சத்தத்துக்கே அவள் உடைந்தாள். அடக்கி அழுகிற அழுகை இல்லை. வாய்விட்டு, தோள் குலுங்க, மூன்று வயதுப் பிள்ளை அழுவது போல ஓவென்று அழுதாள். பக்கத்து ஜெராக்ஸ் மெஷின் நின்றது. பல் டாக்டரிடம் காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கேசட்டுக்காரருக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது, குரல் தொடர்ந்தது.

"எதுக்குடி இப்படி அழற? எல்லாரும் பாக்கறாங்க பாரு. மூக்கத் தொடச்சுக்க. சனியனே, உன்னோட எனக்கு முடியலடி. வாய மூடு. மூடுன்னா மூடணும்."

முப்பத்தேழு வயதுப் பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அழுகை நெஞ்சுக்குள்ளேயே முட்டி உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது, கண்ணீர் தாடை வழியாக வங்கி அட்டையில் சொட்டியது, ஆனால் உதடுகள் இறுக்கமாக ஒட்டியிருந்தன. திரையில் அம்மா நிமிர்ந்து வேறு பக்கம் போய்விட்டாள். கேசட்டுக்காரர், "தண்ணி தரட்டுமாம்மா?" என்று கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டி வேண்டாமென்றாள். பிறகு, இன்னொரு தடவை போடச் சொல்லி விரலால் காட்டினாள். வாயைத் திறக்கவில்லை.