மூலையில் ஒரு கட்டம்

என் தங்கை தாயம் ஆடினால் கள்ளாட்டம்தான் ஆடுவாள். குற்றமாக இதைச் சொல்லவில்லை. அவளைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போம். உருட்டினால் எத்தனை வெள்ளை மேலே தெரிகிறதோ அத்தனை கட்டம் நகர்த்தலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் எட்டு. ஒன்றே ஒன்று தெரிந்தால் தாயம். அது விழாமல் காயை இறக்க முடியாது. எதிராளியின் காய் நிற்கிற கட்டத்தில் நம் காய் சரியாகப் போய் விழுந்தால் வெட்டு. வெட்டுப்பட்ட காய் திரும்பவும் வெளியே உட்கார்ந்து தாயத்துக்குக் காத்துக்கிடக்க வேண்டும். என் காய்கள் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகள். அவளுடையவை விளக்குமாற்றுக் குச்சிகள்.

அவளுக்கு மூன்று விழுந்து, என் காய் நாலாவது கட்டத்தில் நின்றால் அவளுக்குப் பொறுக்காது. ‘ஒண்ணு ரெண்டு மூணு’ என்று வேகமாக எண்ணிக்கொண்டே போய், மூலையில் திரும்பும்போது ஒரு கட்டத்தை முழுங்கிவிடுவாள். மற்ற இடத்தில் செய்ய மாட்டாள். மூலையில்தான், அதுவும் வெட்டு கிடைப்பதாக இருந்தால்தான். பிடித்துவிட்டால் அதற்கு மேல் சத்தம் போடுவாள்.

“நீ எங்க பாத்துக்கினு இருந்த? நான் சரியாத்தான் எண்ணுனேன்!”

“அழுகுணி ஆட்டம் ஆடாதடி!”

“யாரு அழுகுணி? நீதான் அழுகுணி. போ, நான் ஆட்டத்துக்கே வரல.”

கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள். வராமல் எங்கே போவாள்? அம்மா போய் அப்பாவும் போனபின் விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். காலை பாசஞ்சரில் போய் சாயங்கால பாசஞ்சரில் வருவேன். வந்து முகம் கழுவுவதற்குள் அவள் வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, வேகவைத்துத் தட்டில் கொட்டி, சாக்பீஸால் போட்ட கட்டத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு வந்த வரன் எதுவும் தகையவில்லை. அவளுக்கு வந்த முதல் வரனே தகைந்தது. மாப்பிள்ளைக்கு வடக்கே பிலாயில் வேலை. மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முடித்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். பெருந்தன்மை என்றார்கள். பெருந்தன்மையாவது மண்ணாவது. அவளைப் பிடித்துவைத்துக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வீட்டைக் கழுவியபோது தரையிலிருந்த கட்டமும் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்குச் சாயங்காலங்களே பிடிக்காமல் போயின. ரயிலில் வரும்போது சர்க்கரை ஆலை வாடை அடிக்க ஆரம்பித்தால் விழுப்புரம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். முன்பெல்லாம் அந்த வாடை வந்ததும் எழுந்து கதவருகே போய் நிற்பேன். இப்போது இன்னும் நாலு ஸ்டேஷன் இருக்கக் கூடாதா என்று இருக்கும். நானே பூட்டிவிட்டுப் போன பூட்டை நானே வந்து திறக்கும் சத்தம் இருக்கிறதே, அதைப் போல மட்டமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கங்கே சில பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். யாராவது ஒருவர் மெட்ராஸ் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“நீங்க போய்ட்டு வாங்க டீச்சர். மத்தவங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டின்னு இருக்குது.”

நல்ல மனுஷர்தான். ஆனால் அதை அப்படி முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டாம்.

மெட்ராஸில் பயிற்சி கொடுத்த இளைஞர் ஒருநாள் மதியம், தூங்கி வழிந்துகொண்டிருந்த எங்களை எழுப்புவதற்காக ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினார். திரையில் படம் கிடையாது, எழுத்துத்தான். நீ ஒரு குகைக்குள் நிற்கிறாய், வடக்கே ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்யப்போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டது. கதவைத் திற என்று அடித்தால் திறந்தது. உள்ளே ஒரு பூதம். வெளிநாட்டில் இதை மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களாம். ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷமாக, நான் வீரன், நான் மந்திரவாதி என்று வைத்துக்கொண்டு பகடை உருட்டுவார்களாம்.

“அப்புறம் ஏன் சார் அத கம்ப்யூட்டர்ல போட்டாங்க?” என்று கேட்டேன்.

“கூட ஆட ஆள் கிடைக்காதவங்களுக்கு மேடம்,” என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்த நிமிஷமே தாயத்தை நினைத்துவிட்டேன்.

லாரியில் வந்து இறங்கிய பெட்டிகளுக்குக் கற்பூரம் காட்டி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானுக்குள் குங்குமம் புகுந்து, அந்த எழுத்து கடைசிவரை குத்திக் குத்தித்தான் விழுந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் வர வேண்டும். சாவி என்னிடம். பிள்ளைகளுக்கு வாரத்தில் ஏதோ கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுப்பேன். மற்றபடி பள்ளி விட்டு பாசஞ்சர் வரும்வரை, நானும் அதுவும்தான்.

கட்டத்தைத் திரையில் கொண்டுவருவது பெரிய வேலையாக இல்லை. புளியங்கொட்டையில்தான் தடுக்கி விழுந்தேன். எல்லா எண்ணும் ஒரே அளவு விழுகிற மாதிரி எழுதிவிட்டேன். ஆட உட்கார்ந்தால் தொட்டதெல்லாம் எட்டு, தொட்டதெல்லாம் நாலு. காத்திருக்க வைக்காத எட்டு என்ன எட்டு? அப்புறம்தான் உறைத்தது: நாலு கொட்டையையும் தனித்தனியாக உருட்டி, எத்தனை வெள்ளை என்று பார்க்க வேண்டும். கணக்கு டீச்சருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டாமா? மாற்றி எழுதினேன். எழுதியதைச் சாதாரணப் பாட்டு கேசட்டில்தான் பதிந்துவைக்க முடியும். நடுவில் கரண்ட் போய், அப்படி ஏற்றாததெல்லாம் பறிபோய், திரும்பவும் முதலிலிருந்து எழுதினேன். பேஜாரு பிடித்த வேலை. ஆனால் பாசஞ்சர் எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

ஒருவழியாக ஆட்டம் முடிந்தது. கம்ப்யூட்டர் ஆடியது. உருட்டியது, எண்ணியது, நகர்த்தியது. வெட்ட முடிந்தால் வெட்டியது, முடியாவிட்டால் சும்மா இருந்தது. இரண்டு நாள் ஆடினேன். மூன்றாம் நாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு ஒழுங்காக ஆடுகிற யாரோ ஒருத்தருடன் எனக்கு என்ன பேச்சு?

அன்றைக்கு உட்கார்ந்துதான் அந்தச் சில வரிகளை எழுதினேன். மூலை திரும்ப வேண்டும். ஒரு கட்டம் குறைவதால் வெட்டு தப்பிப்போவதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், எப்போதும் இல்லை, சில சமயம் மட்டும், ஒரு கட்டத்தை முழுங்கிவிடு. நான் பார்த்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், ஒத்துக்கொள்ளாதே. ‘நீ எங்க பாத்துக்கினு இருந்த?’ என்று கேள். தமிழ் எழுத்து அதில் வராது. ஆங்கில எழுத்தில்தான் அடித்துவைத்தேன்.

முதல் தடவை அது கள்ளாட்டம் ஆடியபோது நான் நிஜமாகவே கவனிக்கவில்லை. என் காய் வெட்டுப்பட்டு வெளியே போனபின்தான் எண்ணிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினேன். திரையில் அவள் சத்தம் போட்டாள். நான் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். “அழுகுணி, அழுகுணி” என்று அந்தத் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். அந்த நாட்களில் எனக்கென்று இருந்தது அந்தச் சாயங்காலம் ஒன்றுதான்.

என் கெட்ட நேரம், தலைமையாசிரியருக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. அவர் ஆடிப் பார்த்ததில்லை. தூர நின்று பார்த்ததோடு சரி. பள்ளியைப் பார்வையிட ஒரு அதிகாரி வந்தபோது பெருமையாக அறைக்கு அழைத்துவந்தார்.

“நம்ம டீச்சர் சொந்தமா எழுதுனது சார். தாயம்! ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க.”

“சார், அது இன்னும் முடியல,” என்றேன். யார் கேட்டார்கள்? அதிகாரி உட்கார்ந்துவிட்டார். தாயம் தெரிந்த மனுஷர், ஆசையாகவே ஆடினார். முதல் காய் இறங்கியதும் குழந்தை மாதிரி கையைத் தட்டினார். கம்ப்யூட்டரின் காய் மூலைப் பக்கம் போகப்போக நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மூலை வந்தது.

“இரு இரு,” என்று பேனா முனையைத் திரையில் வைத்து எண்ணினார். “மூணுதான விழுந்துச்சு? நாலு போயிருக்குதே. என் காய வெட்டிருச்சே!”

எண்ணுகிற வேகத்தில் அவருடைய இன்னொரு கை கீபோர்டில் எதையோ தட்டியது. அது அந்தப் பொத்தானாகத்தான் இருக்க வேண்டுமா? அத்தனை பெரிய அதிகாரியைப் பார்த்து, ‘நீ எங்க பாத்துக்கினு இருந்த?’ என்று கேட்டது அது.

அவர் அதை எழுத்துக்கூட்டி, சத்தமாகவே படித்தார். தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது.

“மெஷின்ல கோளாறுபோல சார். கணக்கு தப்பா வருது. மெட்ராசுக்கு ரிப்பேருக்கு அனுப்பிடறோம்.”

அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆனால் ரிப்பேர் என்ற சொல் என்னை எங்கேயோ குத்தியது. அவளுக்கு என்ன ரிப்பேர்?

“கோளாறு இல்ல சார். நான்தான் அப்படி எழுதியிருக்கேன்.”

“தப்பா எண்ணச் சொல்லியா? எதுக்கும்மா?” என்றார் அதிகாரி.

“எந்தங்கச்சி அப்படித்தான் சார் ஆடுவா.”

அதிகாரி எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லித்தரவாம்மா கவர்மெண்ட்டு உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்துச்சு?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அறைச் சாவி தலைமையாசிரியர் மேசைக்குப் போனது. கம்ப்யூட்டருக்கு உறை போட்டார்கள். கேசட்டையாவது கேட்டு வாங்கிவிடலாம் என்று நாலு நாள் கழித்துப் போனால், அதில் ஆண்டு விழா வரவேற்புப் பாட்டைப் பதிவு பண்ணியிருந்தார்கள். சும்மா கிடந்த கேசட்தானே, கீச்கீச்சென்று சத்தம்தானே இருந்தது என்றார் பாட்டு டீச்சர். ஆமாம், வெளியே அப்படித்தான் கேட்கும். அன்று பாசஞ்சரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவள் கல்யாணமாகிப் போன அன்றுகூட அப்படி அழுததில்லை.

அந்தப் பொங்கலுக்குத் தங்கை வந்தாள். மாப்பிள்ளை அவருடைய சொந்தக்காரர் வீட்டில் தங்க, இவள் மட்டும் என்னுடன் இரண்டு நாள் இருப்பதாக ஏற்பாடு. நான் தலைகால் தெரியாமல் இருந்தேன். சாக்பீஸ் எடுத்துவந்து கட்டம் போட்டேன். மல்லாட்டை வேகவைத்தேன். புதிதாகக் கொட்டை தேய்த்தேன். கம்ப்யூட்டர் கதையை அவளிடம் சொல்லவில்லை. ஆடும்போது அவள் கள்ளாட்டம் ஆடுவாள், அப்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

அவள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். பேச்சில் அங்கங்கே இந்தி எட்டிப் பார்த்தது. நான் தட்டைக் கழுவப் போனால், “நீ உக்காருக்கா, நான் பண்றேன்,” என்றாள். என் வீட்டில் அவள் அப்படியெல்லாம் கேட்டுச் செய்ததே கிடையாது. தண்ணீர் தீர்ந்தால்கூடக் குடத்தை ரொப்பிவைக்க மாட்டாள்.

ஆட உட்கார்ந்தோம். எனக்குத் தாயம் சீக்கிரம் விழுந்தது. அவள் காத்திருந்தாள், முகம் சுளிக்காமல். ஆட்டம் பாதி போனபோது அந்த இடம் வந்தது. அவளுக்கு மூன்று விழுந்தது. மூலைக்கு அந்தப் பக்கம் நாலாவது கட்டத்தில் என் வளையல் துண்டு நின்றது.

நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல. அடுப்பில் பாலே இல்லை. வேண்டுமென்றே நேரமெடுத்துக்கொண்டேன்.

“அக்கா, இங்க பாரு,” என்றாள். “ஒண்ணு. ரெண்டு. மூணு. சரியா இருக்குதா? நீயே ஒருவாட்டி எண்ணிப் பாத்துக்க.”

விளக்குமாற்றுக் குச்சி என் காய்க்கு ஒரு கட்டம் முன்னாலேயே நின்றிருந்தது. மூலையில் விரலை நன்றாக ஊன்றி, நிதானமாக எண்ணியிருக்கிறாள். விருந்துக்குப் போன வீட்டில் எண்ணுவது மாதிரி.

“சரியாத்தான் இருக்குது,” என்றேன்.

அந்த ஆட்டத்தில் நான்தான் ஜெயித்தேன்.