முடிச்சு இல்லாத சுவர்

எனக்கு 'அலங்காரம்'னுதான் பேரு. வீட்டுக்குள்ள அழகு பண்றது தொழில். வாய்க்கு வேலை ஜாஸ்தி, கைக்குக் கம்மி. ஒரு நாற்காலியை நாலு தடவை இடம் மாத்தி வெச்சுட்டு அதுக்கு ஒரு தத்துவமும் சொல்லுவேன். அதை நம்பாத ஒரே ஜீவன் என் பெண்டாட்டி.

அவ அண்ணன், என் மச்சான், மரம் வளர்க்கிறவர். காட்டுல முத்தின மரமாப் பாத்து வெட்டுவார், வெட்டின இடத்துல உடனே கன்று நடுவார். அந்த மரத்துப் பலகையை மொத்தமா வாங்க ஒரு ஹோட்டல் முதலாளியம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சதும், வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட மாதிரி, தன் ஆபீஸ் முன்னறையை என்கிட்ட ஒப்படைச்சார்.

"மாப்பிள்ளை, என் மரத்துல ஒரு சுவர் பண்ணு. காட்டை அழிக்காமலும் மரம் எடுக்கலாம்னு அதைப் பாத்தே அவங்களுக்குப் புரியணும். இந்த ஆர்டர் தவறினா காட்டை வித்துட வேண்டியதுதான்."

விடுவேனா நான்? வைரம் பாய்ஞ்ச பலகையா, ஒரே நிறமா வேணும்னு தச்சரைப் படுத்தி எடுத்தேன். கிளை முளைச்ச முடிச்சு தெரிஞ்சா தள்ளு, ஓரம் வெளுத்திருந்தா தள்ளு. தள்ளினதெல்லாம் பின்கட்டுல கூரையைத் தொட்டுது. காட்டுலயே கிடந்த மச்சான் அதைப் பாக்கல. சுவர் பக்கத்துல 'ஒரு துண்டும் வீணாகாது'ன்னு போர்டு வேற மாட்டினேன். மூளை இருக்கிறவன் செய்ற வேலையா அது?

முதலாளியம்மா வந்து சுவரைத் தடவிப் பாத்தாங்க. "பிரமாதம். எல்லா ரூமுக்கும் இதே மாதிரி, முடிச்சே இல்லாம அனுப்புங்க."

நான் பூரிச்சுப் போனேன். மச்சான் முகம் செத்துப் போச்சு. "முடிச்சில்லாத பலகை ஒரு மரத்துல கொஞ்சந்தான் தேறும், அதுக்கு மொத்தக் காட்டையும் வெட்டணுங்க. என்னால முடியாது."

அவங்க கைப்பையை எடுத்துட்டாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சுது. "அம்மா, தப்பு மரத்துல இல்ல, என்கிட்ட"ன்னு பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். தள்ளின பலகையை உருவி, முடிச்சும் வெளுப்புமா கலந்து தரையில அடுக்கினேன். என் ஆயுசுல வாயைத் திறக்காம செஞ்ச வேலை அது ஒண்ணுதான். அவங்க குனிஞ்சு ஒரு முடிச்சைத் தடவிப் பாத்தாங்க.

"இதைப் பாத்தாதான் மரம்னு தெரியுது. எல்லா ரூமுக்கும் இதையே எடுத்துக்கறோம்."

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவங்க என்னைக் காட்டி, "ஆனா, இதையெல்லாம் குப்பைன்னு தள்ளினவர் எங்க ஹோட்டல் பக்கமே வரக்கூடாது"ன்னாங்க.

தங்கச்சி புருஷனாச்சே, கொஞ்சமாவது யோசிப்பார்னு பாத்தேன். அவங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மச்சான் "சரிங்க"ன்னுட்டார்.