புன்னைக்குத் தோஷமில்லை என்றவர்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து பாலக்கரை வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் ஞானமுத்து சார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "நம்ம வரதாச்சாரியார் காலையில போயிட்டாருங்க ராவுத்தரே" என்றார். என் வாய் "இன்னா லில்லாஹி" என்றது. மனமோ, அவரை அறிந்தவர்களே மன்னியுங்கள், வெட்டுப்பட்ட அந்தப் புன்னை மரத்தைத்தான் நினைத்தது.

இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். எங்கள் பள்ளித் தமிழ்ப் பண்டிதரான அவரைப் போல் பேச இந்த ஜில்லாவில் ஆளில்லை. வன மகோத்சவம் வந்தால் அவரும் ஞானமுத்துவும் நானும் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய், மரம் மட்டையைப் பற்றி அவரவர் மதம் சொல்வதைப் பேசுவோம். மண்ணச்சநல்லூரில் அவர் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "புல்லும் பூண்டும் பெருமாளோட திருமேனி. கிளைய ஒடிச்சா அவன் விரல ஒடிச்சாப்பல." ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைக் காக்கத்தான் என்றார் ஞானமுத்து. பூமி நமக்குச் சொந்தமில்லை, இறைவன் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் என்றேன் நான்.

திரும்பும் பஸ்ஸில் ஆசாரியார் என் தொடையில் தட்டினார். "ஓய் ராவுத்தரே, அந்த அமானிதத்தை அடுத்த ஊர்ல நான் எடுத்துக்கப் போறேன். எங்களவாளுக்கும் வேண்டியிருக்கு." எடுத்துக்கொண்டார். என்னைவிட நன்றாகவும் சொன்னார், பாவி மனிதர்.

பிறகு எங்கள் பள்ளியிலேயே புது வகுப்பறைக்காக முற்றத்துப் புன்னையை வெட்டும் பேச்சு வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலின் தல மரமும் புன்னை என்பதால் நிர்வாகிக்குப் பயம். பாவம் என்று ஆசாரியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிர்வாகி கட்டடத்தைத் தள்ளிக் கட்டிவிடுவார். "நான் பாத்துக்கறேன், நீர் கவலைப்படாதேயும்" என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார் ஆசாரியார். அதை நம்பிக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"சாமி, தோஷம் ஏதும் வருமாங்க?" என்று நிர்வாகி கேட்டார்.

ஆசாரியார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "கோயில்ல இருக்கறது ஸ்தல விருட்சம். இது வௌவால் போட்ட கொட்டை. தோஷமில்லை."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. மரம் விழுந்த கையோடு அவர் மாப்பிள்ளைக்கு எங்கள் பள்ளியில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

"சாஸ்திரமெல்லாம் வாஸ்தவம்தான் ராவுத்தரே. ஆத்துல பொண்ணு அழறாளே" என்றார் ஆசாரியார், நான் கேட்டபோது.

"அதுக்குப் பெருமாள் விரலையே குடுத்துட்டீங்களே!" என்றேன்.

அடுத்த ஆண்டும் மேடை ஏறினார், அதே கணீர்க் குரல். அமானிதம் என்ற சொல் வரவேண்டிய இடத்தில் மட்டும் தடுமாறி, தண்ணீர் குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அதன்பின் அந்தச் சொல்லை அவர் எடுக்கவே இல்லை. நம்பிக் கொடுத்ததை அப்படியாவது திருப்பித் தந்தார் போலிருக்கிறது.

என் கோபம் ஆறவில்லை. அவரோடு சேர்ந்து அதுவும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. ஆனால் நேற்று காட்டூரில் ஒருவர் சாலையோரப் புங்கக் கிளையை ஒடிக்கப் போனார். "விரலுங்க அது!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். பைத்தியமோ என்று பார்த்தார். அவருக்கு எங்கே புரியும்? உங்களுக்குப் புரியும்.