செத்தவர் பங்கு

சங்குச்சதை வெயிலில் அழுகும் வாடையோடு சாராய வாடையும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்று யாராவது கேட்டால் என்னால் விளக்கிச் சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதி வாடை காற்றில் வந்தாலும் போதும், இந்த எண்பத்தெட்டு வயதிலும் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய் சன்னலைச் சாத்திவிடுவேன். கிழவிக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று என் பேத்திகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பட்டப்பகலில், மூன்று மணி வெயிலில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து செத்துப்போன மனிதரின் பேச்சு வந்ததை அவர்கள் யாரும் கேட்டதில்லை.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த எங்கள் கடற்கரையில் ஆண்களில் பாதிப்பேர் சங்கு குளிக்கப் போகிறவர்கள். விடியற்காலையில் கரைக்காற்றைப் பிடித்துப் போகும் வள்ளங்கள், மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியதும் வந்து சேரும். நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்ப் போய் வந்த உடம்பு, அந்த வெயிலிலும் வெடவெடவென்று நடுங்கும். அந்த நடுக்கம் போக, சங்குகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, ஒரு வள்ளத்து ஆட்கள் எல்லாரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து ஒரே கிளாசைச் சுற்றவிட்டுச் சாராயம் குடிப்பார்கள். அதற்கு எங்கள் கரையில் ‘வட்டம்’ என்றே பேர்.

வட்டத்தில் ஆள் குறையக்கூடாது என்பது கட்டு. ஒருவன் காய்ச்சலில் படுத்தாலும் அவனிடத்தைக் காலியாக விட்டு, அவன் முறை வரும்போது இரண்டு சொட்டு மணலில் விடுவார்கள். ஆனால் கடலுக்குள் போனவன் உடம்பு கரை சேராமல் போய்விட்டால் விஷயம் வேறு. அவனுடைய ‘பங்கு’ ஒரு வருஷத்துக்கு ஒரு நாளும் நிற்கக்கூடாது. அதை அவன் வீட்டு ஆண்பிள்ளை வந்து அவனிடத்தில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். பங்கு கிடைக்காதவன் தானே எழுந்து வந்து வட்டத்தில் உட்காருவான், அப்புறம் அந்த வள்ளத்தில் கீழே போகிறவன் மேலே வரமாட்டான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆண்பிள்ளைக்கு இத்தனை வயதிருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை.

என் அப்பா மிக்கேல், காற்றுமில்லாத அலையுமில்லாத ஒரு நாளில், தெளிந்த தண்ணீரில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கீழே போனவர், வரவில்லை. நான்கு நாள் தேடினார்கள். ஐந்தாம் நாள் வள்ளத்தின் தலைவரான சூசை மாமா, அதாவது என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “சவேரியான அனுப்பு” என்றார். சவேரியான் என் அண்ணன், பன்னிரண்டு வயது. அம்மா அப்பாவின் துண்டை எடுத்து அவன் தலையில் கட்டி அனுப்பினாள். அழுதுகொண்டேதான் கட்டினாள், ஆனால் மறுக்கவில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் அவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வழிய இருமினான். ஆட்கள் சிரித்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் இருமல் நின்றது. மூன்றாம் வாரத்தில் அவன் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தான். அப்பாவுக்குக் குளித்துக் குளித்து வலது காது செவிடு. யார் பேசினாலும் அப்படித்தான் சாய்த்துக் கேட்பார். பிள்ளை விளையாட்டுக்குச் செய்கிறான் என்று நினைத்து, ஒருநாள் அவன் வட்டத்திலிருந்து வந்தபோது நான் அவனுடைய வலப்பக்கமாக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறை கத்திக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இடப்பக்கம் வந்து முணுமுணுத்தபோது, “என்னளா?” என்றான், அப்பாவைப் போலவே அடித்தொண்டையில்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வட்டத்தில் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, சூசை மாமாவைப் பார்த்து, “மச்சான், வடக்குப் பாறச் சந்துல என் வலைப்பை கெடக்கு. எடுத்துட்டு வாரும்” என்றானாம். மறுநாள் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். அப்பா இடுப்பில் கட்டிக்கொண்டு போன வலைப்பை, உள்ளே ஐந்து சங்குடன், அவன் சொன்ன சந்திலேயே இருந்தது. அதை மாமா எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து போட்டபோது பையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஊரே வரத் தொடங்கியது. கடலுக்குக் கொடுக்காத வீடு எங்கள் கரையில் ஏது? அடுத்த வீட்டு ரோசம்மா பெரியம்மாவின் ஒரே மகன் தோணியில் கொழும்புக்குப் போனவன், தோணியோடு மூழ்கிப்போனான். அவள் பித்தளைத் தம்ளரில் சாராயத்தைச் சேலை முந்தானையால் மூடி எடுத்துவருவாள். அண்ணன் குடிப்பான். கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பான். பிறகு, “அம்மா, இங்கன ரொம்பக் குளிருது” என்பான். அவள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் ஒரு தாத்தா, மூழ்கிப்போன தம்பியிடம் மன்னிப்புக் கேட்க. எல்லாரும் நல்லவர்கள்தான். அவனுக்குப் பசிக்கிறதா என்று கேட்டவர்கள்கூட உண்டு, கேட்டுவிட்டு ஊற்றினார்கள்.

அவனே குப்பியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகவும் ஆரம்பித்தான். சாராயக்கடை அண்ணாச்சி, “அப்பாவுக்குத்தானே?” என்று கேட்பார். இவன் தலையாட்டுவான். அப்பா செத்தது அண்ணாச்சிக்கும் தெரியும். துக்கத்துக்கு வந்து போனவர்தான். கோயிலில் சாமியார் பிரசங்கத்தில், பிள்ளைகள் கையில் மதுவைக் கொடுப்பவன் பாவி என்று இரைந்தார். எங்கள் தெருவே ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தது. அவர்கள் கணக்கில் குடித்தது பிள்ளையில்லை, மிக்கேல்.

ஆனால் வாந்தியெடுத்தது பிள்ளைதான். காலையில் எழுந்தால் கை நடுங்கும். கஞ்சிச் சட்டியைப் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் வாந்தியில் ரத்தம் வந்தது. அம்மா அவனை மாட்டுவண்டியில் போட்டு ஊருக்குள் டாக்டரிடம் கொண்டுபோனாள். இன்னும் இரண்டு மாசம் இப்படிக் குடித்தால் பிள்ளை மிஞ்சாது என்று அவர் சொன்னார். அம்மா நேராக மாமா வீட்டுக்குப் போய் அவர் காலில் விழுந்தாள்.

“நானாளா ஊத்துதேன்? அது அவன் பங்கு” என்றார் மாமா. “நிப்பாட்டுனா நாளைக்கு எறங்குதவன் ஏறி வருவானா? ஒம்பது குடும்பம் இருக்கு. நீயே சொல்லு.”

அவர் பொய்யாகப் பயந்தவரில்லை, நிஜமாகவே பயந்தார். அம்மாவுக்கும் அந்தப் பயம் இருந்தது. ஏரலில் இருந்த சித்தி வீட்டுக்கு அவனை அனுப்பலாம் என்றால், ஆற்றங்கரைக்குப் போனவன் எப்படிக் கடலில் கிடப்பவன் பங்கைக் குடிப்பான் என்று ஆட்கள் விடவில்லை. கடைசியில் அவள் மூன்று மணிக்கு அவனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிப் பார்த்தாள். வள்ளத்து ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். கத்தவில்லை, கதவை இடிக்கவில்லை. மெதுவாக, கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல, “மிக்கேலு, வாடே” என்றார்கள். உள்ளேயிருந்து, “இந்தா வாறேன்” என்று பதில் வந்தது. அம்மா சாவியைக் கீழே போட்டுவிட்டாள்.

மறுநாள் நான் செய்ததைத் துணிச்சல் என்று என் பிள்ளைகள் சொல்வதுண்டு. துணிச்சலுமில்லை, திட்டமுமில்லை. எனக்குப் பத்து வயது. தாங்க முடியாத ஆத்திரம். அதில் பாதி பொறாமை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வட்டத்து ஆட்களுக்கெல்லாம் பதில் சொன்ன அப்பா, என்னிடம் “என்னளா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லையே என்ற பொறாமை. வள்ளம் கரையேறியதும் அண்ணனுக்கு முன்னால் ஓடிப்போய், வட்டத்தில் அப்பாவுக்கு விட்டிருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

“எந்திரிளா, இங்கன என்ன வேல ஒனக்கு?” என்றார் மாமா.

“நானும் மிக்கேலுக்குப் பொறந்தவதான். பங்கு எனக்கு ஊத்துங்க.”

சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் கையிலிருந்த கிளாசைப் பிடுங்கி நான் ஒரே மடக்காகக் குடித்தேன். தொண்டையிலிருந்து வயிறுவரை நெருப்பைக் கொட்டினாற்போல் இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் கிளாசை மறுபடி நீட்டினேன். மாமா குப்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஏளா பாவி, நீ பிள்ளைளா! கொடலு வெந்துபோவும்!” என்று அலறினார்.

“அவனுக்கு வேகாதா மாமா?”

இவ்வளவுதான் நான் கேட்டது. அந்த நேரம் அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு தள்ளாடி வந்து எனக்குப் பின்னால் நின்றான். ஒன்பது ஆண்களும் அவனை ஏறிட்டுப் பார்த்தார்கள். எத்தனையோ நாள் அவனைத் தங்களோடு உட்கார வைத்துக்கொண்டவர்கள், விலா எலும்பு தெரிய நின்ற அந்தப் பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். நான் மணலில் வாந்தியெடுத்தேன். மாமா எழுந்து, இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்துபோய், குப்பியைக் கவிழ்த்துக் காலியாகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் யார் முதலில் இறங்குவது என்ற கேள்வி வந்தது. சங்கு குளிப்பதை விட்டுப் பத்து வருஷமாகியிருந்த சூசை மாமா, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அப்பா காணாமல் போன அதே இடத்தில் இறங்கினாராம். அவர் தண்ணீருக்குள் இருந்த நேரம் முழுவதும் வள்ளத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை என்று அந்த ஆட்களே பிறகு சொன்னார்கள். கரையிலே பெண்கள் எல்லாரும் வெயிலில் நின்று, வள்ளம் திரும்பும்வரை செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் ஏறி வந்துவிட்டார். இருமிக்கொண்டே வந்தார், இரண்டு கையிலும் சங்கு இருந்தது.

அன்று மத்தியானம் அம்மாவும் மற்றப் பெண்களும் பெரிய பானையில் கருப்பட்டி போட்டுச் சுக்குக்காப்பி கொண்டுபோனார்கள். நடுக்கத்துக்குத்தானே குடிக்கிறீர்கள், இதைக் குடியுங்கள் என்றார்கள். எல்லாரும் அதோடு சாராயத்தை விட்டுவிட்டார்கள் என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். ஆனால் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் குப்பியைத் திறப்பதில்லை என்றானது. குப்பியோடு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்பாவிட்டால் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்று பெண்கள் திரண்டுபோய் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். வள்ளம் வரும் நேரத்துக்கு, வேதபாடம் சொல்லித்தரும் உபதேசியார் பிள்ளைகளையெல்லாம் கோயில் வளாகத்தில் பந்தாட விட்டார். பிறகு மதுவிலக்கு வந்தபோது, போலீஸ் சோதிக்காது என்று சில ஊர்களில் பிள்ளைகள் கையில் குப்பி கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் கரையில் அது நடக்கவில்லை. அண்ணனுக்கு உடம்பு தேற ஒரு வருஷம் ஆயிற்று. மூன்று மணியானால் வியர்த்துக்கொட்டும், பல் கிட்டிக்கும். அம்மா அவனை மடியில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொள்வாள். வலது காது மெல்ல மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

இப்போது அந்தக் கரையில் வட்டமுமில்லை, வள்ளமுமில்லை. சங்கு எடுப்பவர்கள் இயந்திரப் படகில் போகிறார்கள், காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். செத்தவர் பங்கு என்றால் என்னவென்று கேட்டால் ஐம்பது வயதுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை. செத்தவர் யாரும் கேட்காமலே இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஊற்றிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அண்ணன், அதற்குப் பிறகு ஒரு சொட்டும் தொடாமல், நான்கு வருஷத்துக்கு முன்னால் காலமானான். அதற்குச் சில வாரம் முன்பு, இத்தனை காலம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். நிஜமாகவே அப்பா வந்தாரா?

“ஒரு நாளும் வரலளா” என்றான். “வலைப்பையும் காது அடச்சதும் எப்படின்னு மட்டும் எனக்கு இன்னைக்கும் தெரியாது. மத்ததெல்லாம் அவங்க மூஞ்சியப் பாத்துச் சொன்னதுதான். சொன்னா அழுதாங்க. அழுதா ஊத்துனாங்க. ரோசம்மா பெரியம்மாட்ட நான் அப்பவே உள்ளதச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘தெரியும்லே. தெரிஞ்சுதான் வந்தேன்’னா.”

தெரிந்தேதான் அத்தனை தம்ளரும் ஊற்றினாளா என்று கத்திவிட்டேன். அண்ணன் கையமர்த்தினான். அவள் அதோடு தம்ளரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாளாம். ஆனால் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம்.

“அப்புறம் அவ சாவுத வரைக்கும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அவ வீட்டுக்குப் போவேன்” என்றான் அண்ணன். “அம்மான்னு கூப்பிடுவேன். சோறு போடுவா, தின்னுட்டு வருவேன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்திருக்கு.”