கைப்பிடிக்குள் இருந்த பெயர்

பள்ளி விட்டு வந்தபோது அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தாள். "ராஜம் அத்த போயிட்டாவட்டி" என்றாள். மூன்று நாள் காய்ச்சல்தான். என் பையில் அத்தைக்காக நூலகத்தில் எடுத்த புத்தகம் இருந்தது.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் ராஜம் அத்தையைத் தெரியும், ஜன்னலில் தெரிந்த முகமாக. இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் போன பின் நாற்பது வருடங்கள் அந்த ஜன்னலோரத்தில் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினார். கழுகுமலைத் தேரைக்கூட நான் சொல்லித்தான் கேட்டார். "மெதுவாச் சொல்லுட்டி. உன் வாயி ஓடுத ஓட்டத்துல தேர் கவுந்துரும்" என்பார்.

அவர் வீட்டுப் பெட்டியில் முழங்கை நீளத்தில் ஒரு பழைய ஜப்பானியக் குறுவாள் இருந்தது. பர்மா சண்டைக்குப் போன அவருடைய அப்பா கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வாளில் கொல்லர் தன் பெயரைக் கைப்பிடிக்குள் மறையும் இரும்பில்தான் வெட்டுவார் என்று படித்துச் சொன்னேன். அத்தை லேபிளைக் கீழே வைத்தார்.

"அவியளும் என்னைய மாதிரி உள்ளயே கெடக்காவளா? நான் கண்ண மூடுததுக்குள்ள அந்தப் பேரத் தெரிஞ்சுக்கிடணும்ட்டி."

சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கடிதம் எழுதினோம்.

பதில் வருவதற்குள் ஆயுத பூஜை வந்தது. அத்தை வீட்டு அரிவாள், அரிவாள்மணை எல்லாவற்றையும் கிணற்றடியில் நான்தான் தேய்த்தேன். வாளையும் எடுத்துப் போனேன். கைப்பிடியைப் பிடித்திருந்த மூங்கில் ஆணியைத் தட்டியதும் அது உடைந்து வந்தது. உள்ளே கறுத்த துரு, அதில் எழுத்துகள். பளிச்சென்று காட்டும் ஆசையில் புளியும் செங்கல் பொடியும் போட்டேன். போதாமல் உப்புத்தாளால் தேய்த்தேன். துரு போயிற்று. கீழ்ப்பாதி எழுத்துகளும் போயின. ஆணிக்குப் பதிலாக நாலு தீக்குச்சிகளைச் செருகி, சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் கடிதம் வந்தது. எழுத்துகளைப் படியெடுத்து அனுப்பவும்; துருவைத் தொட வேண்டாம், வாளின் வயதைச் சொல்வது அதுதான். மிஞ்சிய எழுத்துகளை அனுப்பினேன். ஜப்பானில் ஒசாஃபுனே என்ற ஊர், தலைமுறை தலைமுறையாக வாள் அடித்த ஊர், அங்கே மகன் தகப்பன் பெயரில் ஓர் எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கம், இதை அடித்தவர் பெயர் மட்டும் படிக்க முடியவில்லை என்று பதில் வந்தது.

"துரு தின்னுட்டு போல, அத்தை."

என்னையே பார்த்தார். "துருவா? சரிட்டி. ஊராவது தெரிஞ்சுதே."

அதன் பிறகு நான் வாளைத் தொடவில்லை. சொல்லிவிட நினைத்து ஜன்னல்வரை போவேன். வேறு ஏதாவது பேசிவிட்டுத் திரும்புவேன். ஒரு மாதம் பின்தெரு வழியாகப் பள்ளிக்குப் போனேன். ஆள் விட்டுக் கூப்பிட்டார். "கால் இருக்குன்னு சுத்திப் போறியாக்கும்?" என்று சிரித்தார். அப்போதும் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அத்தையின் தம்பி வாளை என்னிடம் கொடுக்க எடுத்து வந்தார். என் தீக்குச்சிகள் இல்லை. பிளேடால் சீவிய புது மூங்கில் ஆணி கச்சிதமாக இறங்கியிருந்தது.

"இத யாரு சித்தப்பா செருகுனது?"

"அக்காதான். ரெண்டாவது கடுதாசி வந்த அன்னைக்கு மூங்கில் குச்சி கேட்டாவ. 'புள்ள தீக்குச்சிய வச்சிருக்கா, பிடி நிக்காது. நீ ஒண்ணும் கேக்காத, அவளே சொல்லுவா'ன்னாவ."

உடைந்த பழைய ஆணி என் ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கிறது. அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெயரைத் துரு தின்னவில்லை, அத்தை. நான்தான் தேய்த்தேன்.