குறுக்கே நின்ற வெள்ளைக் கார்

மனிதர்கள் கார் ஓட்டுவதைப் பார்த்த பிறகுதான் தருணிக்கு அவர்களைப் பிடிக்காமல் போனது. நடக்கும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். கோயில் வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைக்கிறார்கள், லிஃப்டில் ஒதுங்கி இடம் விடுகிறார்கள். அதே ஆள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்ததும் எருமையாகிவிடுகிறான். சந்திப்பில் நேராகப் போவதற்கு நான்கு விளக்கையும் மினுக்குகிறான். சாலையோரச் சாமியைக் கண்டால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கும்பிடுகிறான். கறுப்புக் கார் ராசியில்லை என்று ஜோசியர் சொன்னாராம், அதன் முதுகில் ‘இந்தக் கார் பச்சை நிறம்’ என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு திரிகிறான். யாரை ஏமாற்ற? விதியையா? தருணிக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நொந்தபுரியில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி, அதில் ஆறாம் மாடியில் ஒற்றை அறை வீடு. நகரத்துக்குள் ஒரு நில அலுவலகத்தில் எழுத்தர் வேலை, ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். இருபத்து நான்கு வயதில் புருஷனுடைய பிக்கப் வண்டியில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். புருஷன் நாலாவது வருடமே இன்னொருத்தியோடு போய்விட்டான். போனதைவிட, போகும்போது தெருவில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பிப் போனானே, அதைத்தான் அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் கட்டடத்தில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள், நூற்று இருபது கார் நிறுத்தும் இடங்கள். கட்டியவனுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் வருகிறவர்கள், ஏற்கெனவே நிற்கும் வரிசைக்கு முன்னால் குறுக்காக நிறுத்துவார்கள். அப்படி நிறுத்துவதற்கு யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. சக்கரம் நேராக இருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கைபிரேக் போடவே கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவர் காலையில் வந்து, குறுக்கே நிற்கும் காரை உள்ளங்கையால் தள்ளி நகர்த்திவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவார். நாடு முழுக்க இப்படித்தான். பேரங்காடியிலும் இதுதான், மருத்துவமனையிலும் இதுதான். சாவி வேண்டாம், சொந்தக்காரர் வேண்டாம், ஒரு தள்ளு போதும்.

சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்களும் கைபிரேக்கை இழுத்துவிட்டுப் போகிறவர்களும் தருணியின் அகராதியில் மனிதரில் சேர்த்தி இல்லை. அவர்களுடைய கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் தாள் செருகுவாள். நில அலுவலகத்தில் பட்டா எழுதிப் பழகிய முத்து முத்தான கையெழுத்து, அதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரி. திட்டு வாங்கியவர்கள்கூட அதைப் படம் பிடித்து, குடியிருப்போர் குழுவில் போட்டுச் சிரிப்பார்கள்.

இத்தனை பேரில் அவள் மதித்த ஒரே ஆள் நான்காம் மாடிச் சம்னோங். முன்கூட்டியே ஓய்வுபெற்ற வரைபடக்காரர், அவளைவிட மூன்று வயது இளையவர். அவர் மனைவி பூன்சிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு ரத்தச் சுத்திகரிப்பு. சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்து, தன் பழைய பச்சைக் காரில் தூக்கி உட்கார வைத்து, ஆறேகாலுக்கெல்லாம் கிளம்பிவிடுவார். குறுக்கே நிற்கும் வண்டியைத் தள்ளுவார், தன் காரை வெளியே எடுப்பார், அப்புறம் தள்ளிய வண்டியை இருந்த இடத்துக்கே திரும்பத் தள்ளிவிட்டு, அதன் மேல் பதிந்த தன் கைத்தடத்தையும் துணியால் துடைத்துவிட்டுப் போவார். அதை ஒருநாள் ஜன்னலிலிருந்து பார்த்த தருணி அப்படியே நின்றுவிட்டாள். இந்த ஊரில் கார் வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஆண்பிள்ளை இவர் ஒருவர்தான் என்று அன்று முடிவு செய்தாள்.

அவளுடைய சொந்தக் கார் நீல நிறம், பத்தொன்பது வயது. கடைசி இரண்டு வருடம் அது காராகவே இல்லை, வியாதிக் கூடு. குளிர்சாதனத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கால் செருப்பை நனைத்தது. இடது கதவு உள்ளிருந்து திறக்காது, வலது கண்ணாடி ஏறினால் இறங்காது. மழை பெய்தால் ஹாரன் தானாக அடிக்கும். மெக்கானிக் ஒருநாள் மூடியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, “அக்கா, இதுக்கு மேல நான் தொட்டா பாவம்” என்று கைகழுவிவிட்டான். எவன் ஒழுங்காக வேலை செய்கிறான் இந்தக் காலத்தில் என்று அவனையும் திட்டிவிட்டுத்தான் வந்தாள்.

அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் புது மின்சாரக் காருக்கு வந்து சேர்ந்தாள். வெள்ளை நிறம். ஷோரூமில் கார் விற்கும் ஆள் ஒரு மணி நேரம் திரையைத் தடவித் தடவிப் பாடம் நடத்தினான். அவளுக்குப் பாதியிலேயே அலுத்துவிட்டது.

“பெரியம்மா, வண்டிய குறுக்க நிறுத்தறப்ப மட்டும் ஒண்ணு கவனிக்கணும். இதுல...”

“தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் குறுக்க நிறுத்தினவ. எனக்கு நிறுத்தச் சொல்லிக் குடுக்கறியா? ரேடியோ எங்க இருக்கு, அத சொல்லு.”

அவன் ரேடியோவைக் காட்டினான்.

புது வண்டிக்குத் தற்காலிகமாகச் சிவப்பு நம்பர் பலகை. இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதால் ஐந்தரைக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்தாள். பக்கக் கண்ணாடியில் ஷோரூம்காரர்கள் கட்டிய இளஞ்சிவப்பு ரிப்பன் அப்படியே இருந்தது. வியாழக்கிழமை புத்த பிக்கு வந்து காரின் கூரையில் திலகம் வைத்த பிறகுதான் அதை அவிழ்ப்பது, அதுவரை வண்டியை நகரத்துக்குள் கொண்டுபோவதில்லை என்று ஏற்பாடு. ஜோசியத்தைக் கண்டால் குமட்டுகிறவளுக்கு இது மட்டும் குமட்டவில்லை.

இடம் ஒன்றும் காலியில்லை. தருணி யோசித்துப் பார்த்து, சம்னோங்கின் பச்சைக் காருக்கு முன்னால் குறுக்காக நிறுத்தினாள். புது வண்டியை ஒரு கை தொட்டுத் தள்ளுவதாக இருந்தால் அது அவர் கையாக இருக்கட்டும். சக்கரத்தை நேராக்கினாள், நியூட்ரலில் போட்டாள், அணைத்துவிட்டு இறங்கினாள். கதவைத் திறந்தபோது அடியில் எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. இறங்கியதும் வண்டி அசைகிறதா என்று ஒரு முறை தள்ளிப் பார்ப்பது அவள் வழக்கம். கையை நீட்டியும்விட்டாள். அதற்குள் நாலு வண்டி தள்ளி இரண்டாம் மாடி நிருட் தன் காரைச் சக்கரம் கோணலாக நிறுத்திவிட்டு இறங்குவது கண்ணில் பட்டது.

“யோவ் நிருட்! இது என்னய்யா, வண்டியா நண்டா? இத தள்ளினா நேரா தூண்ல போய் முட்டும்.”

“காலைல சீக்கிரம் எடுத்துருவேங்க்கா.”

“நீ எப்ப எந்திரிக்கறன்னு எனக்குத் தெரியாதா? ஒம்போது மணிக்குப் பல்லு வெளக்கறவன். ஏறு, ஏறி நேராக்கு.”

நிருட் முனகிக்கொண்டே ஏறி நேராக்கினான். ஒரு எருமையைத் திருத்திய திருப்தியோடு தருணி லிஃப்டுக்குப் போனாள். தன் வண்டியைத் தள்ளிப் பார்க்க மறந்துபோனாள்.

மறுநாள் விடியலில் படகேறி அலுவலகம் போய்விட்டாள். மதியம் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்த்தால், குடியிருப்போர் குழுவில் நூற்றுப் பத்துச் செய்தி. ஒரு படம். கொட்டும் மழையில் ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கத்தை ஒன்பது ஆண்கள் தள்ளுகிறார்கள், கார் அசையவில்லை. பிரேக் போட்டிருக்கிறது, போன் நம்பர் எழுதி வைக்கவில்லை, யாருடையது என்று காவலாளிக்கும் தெரியவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டது சம்னோங்கின் கார். மழைக்கு டாக்ஸியும் கிடைக்காமல், எட்டரை மணிக்குத்தான் பூன்சியை ஏற்றினார்களாம். ஏழு மணி முறை போய்விட்டது, நாளைக்குத்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார்களாம். பத்தரைக்கு அவளுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்து, இப்போது அவசரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

தருணிக்கு ரத்தம் கொதித்தது. நியூட்ரலில் விட்ட தன் வண்டியைத் தள்ளி ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் வேறு எவனோ நிறுத்தியிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். சோற்றைத் தள்ளி வைத்தாள். குழுவில் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “தருணி அக்கா எங்க? அக்கா வந்து நாலு வார்த்தை சொன்னாத்தான் மனசு ஆறும்.” அவள் ஒரே மூச்சில் தட்டினாள்: “பொம்மைக் காருக்குக்கூட லாயக்கில்லாத எருமை இது. இதுக்கு லைசென்ஸ் குடுத்தவன் கையில புண்ணு வரட்டும். பூன்சிக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பாவம் அதோட ஏழு தலைமுறைக்கும் ஒட்டும்.”

கைதட்டல்கள் குவிந்தன. “அக்கான்னா அக்காதான்” என்று நிருட் எழுதினான். அதற்குக் கீழே யாரோ இன்னொரு படத்தைப் போட்டார்கள், இந்த முறை முன்பக்கத்திலிருந்து. சிவப்புப் பலகை. பக்கக் கண்ணாடியில் நனைந்து தொங்கும் இளஞ்சிவப்பு ரிப்பன்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். நான் நியூட்ரலில்தானே போட்டேன் என்று மேசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஷோரூமுக்குப் போன் செய்தாள். அந்த ஆள் பொறுமையாகச் சொன்னான். இந்த வண்டியில் அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் பிரேக் அதுவாகவே பூட்டிக்கொள்ளும், குறுக்கே விட வேண்டுமென்றால் திரையில் தனியாக ஒன்றை அமுக்க வேண்டும். “நேத்தே சொல்ல வந்தேனே பெரியம்மா...” அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

உடனே குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ‘என் வண்டிதான்’ என்று இரண்டு வார்த்தை தட்டுவாள், அழிப்பாள். மேலே ஏழு தலைமுறைச் சாபம் அவள் பெயரிலேயே நின்றது. கோழைத்தனம்தான், வேறென்ன. ஊரையே கோழை என்று திட்டின வாய்க்கு அன்று மதியம் முழுக்கப் பூட்டு. படகில் திரும்பி வரும்போது ஒன்று தீர்மானித்தாள். முதலில் சத்தம் போடாமல் வண்டியை எடுத்து வேறெங்காவது விட்டுவிட வேண்டும். சம்னோங்கிடம் பிறகு, பூன்சிக்குச் சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

கீழ்க்கூடத்திலேயே சம்னோங் நின்றிருந்தார். சட்டை ஈரமாகிக் காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் பூன்சியின் துணிப் பை.

“பூன்சி எப்படி இருக்காங்க?”

“மூக்குல குழாய் வெச்சிருக்காங்க்கா. ராத்திரியே எப்படியாவது சுத்திகரிப்பு பண்ணிடறோம்னு டாக்டர் சொல்றாரு. பாக்கலாம்.” அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “நல்ல வேளை நீங்களே வந்தீங்க. அந்த வண்டி இன்னும் அங்கயேதான் நிக்குது. அதோட சொந்தக்காரரு குழுவில இல்ல போல. ஒரு தாள் எழுதிக் குடுங்கக்கா. எனக்குக் கோபமா எழுத வராது. நீங்க எழுதினா உறைக்கும்.”

“சம்னோங், நான் ஒண்ணு...”

“வெள்ளிக்கிழமையும் இப்படி நிறுத்திட்டான்னா அவ தாங்க மாட்டாக்கா. அதுக்குத்தான் கேக்கறேன்.”

காவலாளி மேசையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். என்ன எழுதுவது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை, கை தானாக ஓடியது. அதே முத்தான எழுத்து:

‘உன் வண்டிக்கு நாலு சக்கரம் இருக்கிறது, உனக்குத்தான் ஒன்றும் இல்லை. சொல்லிக் கொடுத்தபோது கேட்டாயா? இறங்கியதும் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாயா? அடுத்தவன் குற்றத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாய். ஒரு நோயாளிக்கு மூச்சு முட்டியது உன்னால். வெட்கமிருந்தால் முகத்தைக் காட்டு.’

சம்னோங் வாங்கிப் படித்தார். “நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க. வாங்க, செருகிட்டு வந்துரலாம். அப்படியே நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறேன்.”

வேண்டாம், நான் செருகிக்கொள்கிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை, முன்னால் நடந்தார். மழை விட்டிருந்தது. வெள்ளைக் கார் பச்சைக் காரை மறித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தது. அதன் மேல் நெடுக ஈரக் கைத்தடங்கள். சம்னோங் வைப்பரைத் தூக்கினார். தருணி அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றாள். அங்கேயே நின்றிருக்கலாம். தாள் பறந்துவிடுமோ என்று பிடிக்கப் போகிறவள் மாதிரி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

அவள் கைப்பைக்குள் சாவி இருந்தது, அது பக்கத்தில் வந்தாலே விழித்துக்கொள்கிற வண்டி. கார் ஒரு முறை கூவியது. முன்விளக்குகள் எரிந்தன, மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் ரிப்பனோடு விரிந்தன, கதவுப்பிடிகள் வெளியே வந்தன. திரையில் வெளிச்சம் வந்து, ‘தருணி, மாலை வணக்கம்’ என்று எழுத்து ஓடியது.

சம்னோங் வைப்பரைப் பிடித்தபடியே அதைப் படித்தார். அப்புறம் மெதுவாக வைப்பரைக் கீழே விட்டார். திரும்பி அவளைப் பார்த்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவளுக்குத் தெரியாத வசவா?

“வண்டிய நகத்துங்கக்கா,” என்றார். “அவ காத்துட்டிருப்பா.”

தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை விடுவித்து, வண்டியைப் பின்னால் எடுத்தாள். பச்சைக் கார் வெளியே வந்து, வாசலில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனது. தருணி உள்ளேயே உட்கார்ந்து தாளைப் பிரித்துப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். எழுதியதில் ஒரு எழுத்துகூட அதிகமில்லை. கைபேசியை எடுத்து, தாளைப் படம் பிடித்து, குழுவில் போட்டு, கீழே தன் பெயரையும் வீட்டு எண்ணையும் தட்டினாள்.